பக்கத்துக் கட்டில்

“எழிலு, கோச்சுக்காதடி. மல்லாட்ட வறுத்து எடுத்தாந்திருக்கேன் பாரு.”

பக்கத்துக் கட்டிலில் கபாலி மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நேற்றுதான் மூளையில் ஆபரேஷன். இரண்டு பேருக்கும் கட்டி. ஒரே டாக்டர், நடுவில் ஒரு பச்சைத் திரை. தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று ஆளுக்கு ஒருவரை உள்ளே விட்டிருந்தார்கள்.

ஆனால் அவர் பேசுகிறார். என் வீட்டுக்காரர் தூங்குகிறார்.

மூளையைத் திறந்து மூடினால் சிலருக்குப் புத்தி தடுமாறுமாம். ஊர் தெரியாது, ஆள் தெரியாது, ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி விழுவார்களாம். அப்படி ஆகாமலிருக்க ஒரு தூக்க மருந்தைச் சின்ன பம்பு வைத்து நேற்றிலிருந்து இவருக்கு ஏற்றுகிறார்கள். தட்டினால் கண்ணைத் திறந்து விரலை ஆட்டுவார், மறுபடி தூங்கிவிடுவார். கபாலிக்கு நாடித்துடிப்பு கம்மி, அதனால் அந்த மருந்தைக் கொடுக்க முடியவில்லை என்று டாக்டர் பிரதோஷ் சொன்னார்.

ஐயோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

எழிலு, சாப்டியா. எழிலு, மழ வருது, உள்ள வா. எழிலு, கீழ்பென்னாத்தூர் பஸ்ல கூட்டம் ஜாஸ்தி, அடுத்ததுல போலாம்.

ஒவ்வொன்றுக்கும் அவர் வீட்டுக்கார அம்மா அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, இங்கதான் இருக்கேங்க, கோச்சுக்கலங்க என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். சாயம் போன புடவை. தலையைக்கூட ஒழுங்காக வாரவில்லை. இவளுக்கா இவ்வளவு என்று இருந்தது.

என் பெயர் உண்ணாமுலை. இந்த ஊர்க் கோயிலில் நின்று உலகமே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லும் அம்மன் பெயர். என் வீட்டுக்காரர் ராமதாஸ் வாயில் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. ‘இந்தா’ என்பார். பையன் பிறந்த பிறகு ‘ஆதவன் அம்மா’. கோபம் வந்தால் அதுவும் கிடையாது, கனைப்பார். நான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மனசுக்குள் என்னை என்னவென்று கூப்பிடுகிறாரோ தெரியாது. தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சமயம் எனக்கு வரப்போவதில்லை. பாழாய்ப்போன மருந்து அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

காலையில் டாக்டர் வந்தபோது கேட்டே விட்டேன், இந்த மருந்து தீர்ந்ததும் அடுத்தது வேண்டாமே என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்னும் ஒரு ராத்திரி ஏற்றினால் நல்லது, எழுந்து விழுந்து வைத்தால் உயிருக்கே ஆபத்து, சாயங்காலம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழாமல் நான் பிடித்துக்கொள்ள மாட்டேனா? ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொன்னால் போதும். அதற்கு எந்த ஆபத்து வந்தாலும் வரட்டும் என்றுகூடத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

சாயங்காலம் அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்து எனக்கும் ஒரு டீ கொடுத்தாள். நல்ல மனசு வேறு. அதற்கும் எரிந்தது.

“குடுத்து வச்சவங்க நீங்க, எழில்,” என்றேன். “புத்தி தடுமாறினப்பகூட உங்க பேரத் தவிர அவருக்கு வேற வரல.”

அவள் கையிலிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் பேரு சைலஜாங்க.”

திரைக்கு அந்தப் பக்கம் கபாலி மறுபடி எழிலைக் கூப்பிட்டார். இங்கதான் இருக்கேங்க என்று சொல்லிக்கொண்டே அவள் டீயை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

டாக்டர் வந்துவிட்டார். மருந்து தீர்ந்துபோய்ப் பம்பு கத்திக்கொண்டிருந்தது. என்னம்மா, இன்னும் அதே யோசனைதானா என்று கேட்டார்.

கட்டிலில் என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பினார். மயக்கம் தெளிய ஆரம்பித்திருக்க வேண்டும். கண் மூடித்தான் இருந்தது. காய்ந்த உதடு பிரிந்தது, ஏதோ சொல்ல வருகிற மாதிரி.

நான் குனிந்து கேட்கவில்லை.

“ஏத்திடுங்க டாக்டர்,” என்றேன். “இப்பவே ஏத்திடுங்க.”