இரண்டாவது முட்டை

கிண்ணத்தில் இரண்டு அவித்த முட்டைகள் இருந்தன. ஒன்றை மென்று முடித்துவிட்டுக் கையைக் கழுவ எழுந்தேன்.

அம்மா எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"இன்னொண்ணையும் தின்னுத்தா. வெள்ளைய மட்டுமாச்சும் தின்னு."

"வயித்துல இடமில்லம்மா."

"கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு இடமில்லையாம். நடக்குறதுக்கு மட்டும் தெம்பிருக்கு."

பொய்தான் சொன்னேன். இடம் இருந்தது.

உடம்பைக் குறைக்கச் செய்த ஆபரேஷனில் என் வயிற்றை டீ டம்ளர் அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். அந்த டம்ளரில் இப்போது இரண்டு முட்டை தாராளமாகப் பிடிக்கும். அம்மாவுக்கு அது தெரியாது. மதுரையில் இருக்கும் டயட்டீஷியன் ஜெபஷீலாவுக்குத் தெரியும்.

"குறைய வேண்டியது குறைஞ்சாச்சு நாகஜோதி. இனிமே நிறுத்தணும்," என்று போன வாரம் போனில் சத்தம் போட்டார். "நடையைப் பாதியாக்கு, சாப்பாட்டைக் கூட்டு. இல்லேன்னா அடுத்தது சதைதான் கரையும். விலங்கியல் படிச்ச பொண்ணுக்கு இதை நான் சொல்லணுமா?"

சரி மேடம் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்வது எனக்குச் சுலபம்.

முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பையனைப் போல ஒட்ட வெட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாயக்காள் அத்தை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏ சுருளி, ஒம் மகளக் கயித்துல கட்டிப் போடு. காத்தடிச்சா மலைக்குப் போயிருவா," என்றாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

குண்டாக இருந்தவரை எல்லோரும் என்னை அம்மாவின் அச்சு என்பார்கள். அதே உருண்டை முகம், அதே கன்னம். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. அம்மாவும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். மெலிந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே ஜீப்புகளின் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர் தேவாரத்தில் காலை என்றால் ஜீப்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு வரிசையாக மலையேறும். சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து குழாயைத் திறந்தாள். கழுவ ஒன்றும் இல்லை. தண்ணீர் சும்மா தொட்டியில் விழுந்தது. தினமும் இப்படித்தான். ஜீப்புகள் போய் முடிந்ததும் மூடுவாள்.

அப்பா அப்படி ஒரு ஜீப்பை ஓட்டியவர். நான் தவழ்ந்த வயதில் மலையேறியவர் இறங்கி வரவில்லை. மேலே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்றார்கள். அம்மா அவர் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டாள். எங்கள் வீட்டில் பாயசத்துக்குக்கூட ஏலக்காய் கிடையாது.

தண்ணீர்ச் சத்தத்தில் நான் ஷூவை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். ஜெபஷீலா அனுமதித்த நடை விடிவதற்குள் முடிந்திருந்தது. இது அவருக்குத் தெரியாத நடை.

அடிவாரம் நோக்கி ரோடு மேடாகப் போகும். மேட்டில் நடந்தால் கலோரி அதிகம் எரியும். தின்ற முட்டை பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. கண் லேசாக இருட்டியது. பசித்தது.

பஞ்சர் கடை முன்னால் ஒரு ஜீப் நின்றது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அதன் பக்கக் கண்ணாடியில் குனிந்தேன்.

அம்மாவுக்கு இல்லாத கன்னத்தெலும்பு வந்துவிட்டது. மூக்குத்தண்டு வந்துவிட்டது. தாடை இன்னும் முழுதாக வரவில்லை.

இன்னும் கொஞ்சம்தான்.

மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. கழுத்தில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

வாசற்படியில் நின்று ஷூவைக் கழற்றினேன். வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டு அம்மா தலையைத் தூக்கினாள்.

மடியிலிருந்த கீரை தரையில் கொட்டியது. அவசரமாக எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"எப்ப வந்தீக?" என்றாள். "ஜீப்ப எங்கன விட்டீக?"

அந்தக் குரலில் துளிகூடக் கோபம் இல்லை. சோறு ஆக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தவளின் குரல்.

நான் அசையவில்லை. அசைந்தால் அப்பா போய்விடுவார் என்று தோன்றியது.

துண்டிலிருந்து ஒரு சொட்டு என் மூக்கில் வழிந்தது. புறங்கையால் துடைத்தேன். அதில் நான்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஏதாவது சொல்வாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். கிட்டே வந்தாள். இத்தனை மாதம் பார்க்காத முகத்தை நின்று பார்த்தாள். துண்டை அவிழ்க்கவில்லை. என் தாடையின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"இங்கன ஒரு தழும்பு இருக்கும்."

அப்பாவைப் பற்றி அவள் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அது.

நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது முட்டை கிண்ணத்தில் அப்படியே இருந்தது. இந்த முறை அம்மா சொன்னால் தின்றுவிடலாம் என்று இருந்தேன்.

அம்மா எதிரில் உட்கார்ந்தாள். சிந்திய கீரையை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே, பிந்திப்போன ஜீப் ஒன்று மலையேறியது. அம்மா குழாயைத் திறக்கவில்லை.

முட்டையைத் தின்னச் சொல்லவும் இல்லை.