மிச்சமிருந்த கொஞ்சம் மின்சாரம்

ஒரு தீவில் காற்றாலைக்கு இரண்டு கூட்டாளிகள்: ஒரு பேட்டரி, ஒரு ஹைட்ரஜன் தொட்டி. ஆடிக்காற்றில் பேட்டரி சீக்கிரமே நிரம்பிவிட்டது. மிஞ்சிய மின்சாரம் தண்ணீரைப் பிரித்து உண்டாக்கிய ஹைட்ரஜன் தொட்டிக்குள் போனது.

"வாங்குவதில் பாதியைக்கூட நீ திருப்பித் தரமாட்டாயே" என்று பேட்டரி கேலி செய்தது. அன்றோடு தொட்டி அதனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டது.

பிறகு பல நாள் காற்றே இல்லை. நோயாளியை ஏற்றிய மின்படகு, மறுகரைக்குப் போக மின்சாரமில்லாமல் நின்றது. பேட்டரியிடம் மிச்சமிருந்தது பாதித் தூரத்துக்குக்கூடக் காணாது.

"என்னிடம் நிறைய இருக்கிறது," என்று தயங்கியது தொட்டி. "ஆனால் என் வால்வைத் திறக்க மின்சாரம் வேண்டும்."

"இதைக் கேட்க இவ்வளவு நேரமா?" என்ற பேட்டரி, இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு அணைந்தது. தொட்டியின் வாயு மின்சாரமாகிப் படகுக்குப் போனது.

படகு கிளம்பியதும் தொட்டி பேட்டரிக்கு ஊட்டத் தொடங்கியது. மெல்லக் கண்விழித்த பேட்டரி, "படகு போய்ச் சேர்ந்ததா?" என்றது.

"சேர்ந்துவிட்டது. நீ பேசாமல் சாப்பிடு."