ஆறு கலங்கக் கூடாது

"இனிமேலும் காத்திருக்க முடியாது மேடம். பையனை உள்ள படுக்க வெச்சாச்சு. ரஞ்சித் சார் எங்க இருக்காராம்?"

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து கிளம்பிட்டான். காவிரிப் பாலத்துல மாட்டிக்கிட்டானாம். ஒரே டிராஃபிக்" என்றாள் அனுசுயா.

ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் லூர்து உதட்டைப் பிதுக்கினார். "அப்ப நீங்கதான் பேசணும். அதுவும் இவன்கிட்ட. உங்களால முடியுமா? குரல் லேசா நடுங்கினாலும் காரியம் கெட்டுடும்."

"முடியும்." மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முங்கு, அவள் வரைந்த நீர்நாய்க்குட்டி. ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்காக அவளும் ரஞ்சித்தும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருக்கும் குழந்தையின் முகத்துக்கு மேலே, ஒரு சிறு கண்ணாடியில் காவிரி ஓடும். முக்கொம்பில் குதிக்கும் முங்கு, அம்மா மண்டபத்துப் படித்துறை வரை நீந்த வேண்டும். குழந்தை அசைந்தால் ஆறு கலங்கிவிடும். முங்குவுக்கு வழி தெரியாது. மைக்கில் யார் பேசினாலும் கம்ப்யூட்டர் அதைக் கீச்சுக் குரலாக்கி உள்ளே அனுப்பும். வரைவதும் கதை கட்டுவதும் அனுசுயா. பேசுவது எப்போதும் ரஞ்சித்.

உள்ளே படுத்திருந்தவன் வளவன். இரண்டாம் வகுப்பு. அடிக்கடி வலிப்பு வருகிறது. தலைக்குள் என்ன என்று பார்த்தால்தான் மேற்கொண்டு வைத்தியம். நெஞ்சுச் சளி இருப்பதால் மயக்க மருந்தும் கொடுக்க முடியாது. போன வாரம் உள்ளே போன வேகத்தில் அலறிக்கொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டவன், அப்புறம் விடவேயில்லை. "இந்தத் தடவை அம்மா அவன் கண்ணுலயே படக் கூடாது" என்று டாக்டர் பிரான்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அத்தை வேணிதான் கைலாசபுரத்திலிருந்து அவனை அழைத்து வந்திருந்தாள்.

"வணக்கம் வளவா! நான்தான் முங்கு!"

"நீ நிஜ நீர்நாயா?"

"இல்ல, படத்துல இருக்கிற நீர்நாய். ஆனா நல்லா நீந்துவேன். போலாமா?"

மெஷின் டக் டக்கென்று அதிரத் தொடங்கியது. முங்கு பாறைகளைச் சுற்றி வளைந்து போனது. முதல் படங்கள் ஒழுங்காக வந்தன. நடுவில் சத்தம் ஓய்ந்ததும் உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"முங்கு, எங்கம்மா ஏன் வரல?"

"வந்தா நீ அழுவேன்னு டாக்டருக்குப் பயம்."

"நான் அழ மாட்டேன். அம்மாதான் அழுவாங்க." அடுத்த மூச்சிலேயே, "என் தலையைத் திறப்பாங்களா? அத்தை போன்ல சொல்லிட்டிருந்தாங்க" என்றான்.

ரஞ்சித் யோசித்து வைத்திருந்த கேள்வி பதில்கள் எதிலும் இது இல்லை. 'சேச்சே, அதெல்லாம் கிடையாது' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால், முங்கு எந்தக் குழந்தையிடமும் பொய் சொல்லக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவளே அனுசுயாதான்.

"தெரியல வளவா. அதைத் தெரிஞ்சிக்கத்தான் இந்தப் படமே."

அவ்வளவுதான். ஆறு கலங்கியது. வளவன் கால்களை உதைத்துக்கொண்டான். "எனக்குப் பயமா இருக்கு! வெளிய எடுங்க!"

லூர்துவின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. "கடைசிப் படம்தான் மேடம் முக்கியம். இப்ப வெளிய விட்டா மறுபடி படுக்கவே மாட்டான். ஏதாவது பேசுங்க!"

அனுசுயா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கும் பயமா இருக்கு வளவா" என்றது கீச்சுக் குரல். "ரொம்பப் பயமா இருக்கு. தண்ணி கலங்கிப்போச்சு, ஒண்ணுமே தெரியல. நீ அசையாம இருந்தாதான் நான் கரைக்கு வர முடியும்."

அழுகை விசும்பலாயிற்று. விசும்பலும் நின்றது. கால்கள் மெல்ல அடங்கின. லூர்து சட்டென்று மெஷினை ஓடவிட்டார்.

அதுதான் இருப்பதிலேயே நீளமான படம். ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முங்கு படித்துறையில் ஏறி உடம்பைச் சிலுப்பிக்கொண்டது.

"சுத்தமா வந்திருக்கு மேடம்! துளி ஆட்டம் இல்ல." லூர்து நாற்காலியில் சாய்ந்தார்.

அனுசுயா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மைக்கிடம் குனிந்தாள். "கரைக்கு வந்துட்டேன் வளவா! எப்படிடா அப்படி அசையாம படுத்திருந்த?" என்று கீச்சுக் குரல் துள்ளியது.

"நீ பயமா இருக்குன்னு சொன்னல்ல, அதான்" என்றான் வளவன். "இதோ வெளிய வந்துடுறேன். நீ அழாத, அம்மா."