துப்பாக்கிக்குள் ஒரு பால் பல்

"போலி," என்றார் அப்பா. துப்பாக்கிச் சந்தைக் கொட்டகையில், மேசைமேல் கிடந்த அந்தத் துப்பாக்கியைக் கையால்கூடத் தொடவில்லை. "வா கெல்சி, அடுத்த மேசைக்குப் போவோம்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லீவரை இழுத்துச் சுடும் இந்த மாதிரிப் பழைய துப்பாக்கி கண்ணில் பட்டால் அப்பா அரைமணி நேரம் வாயே திறக்கமாட்டார். பூதக்கண்ணாடியில் திருகுகளைப் பார்ப்பார், குழலுக்குள் விளக்கடிப்பார், அடியில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வார். தீர்ப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேசைக்குப் பின்னால் இருந்த கிழவர் சிரித்தார். வெர்ஜில் என்று சட்டையில் சீட்டு குத்தியிருந்தார். "என்ன சார், தொடாமலே ஜோசியம் சொல்றீங்க?"

ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, மூன்று கட்டி சர்க்கரையைப் போட்டு அப்பாவிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிம்மா வேணும்? சர்க்கரை எத்தனை?"

"எனக்கு வேணாங்க."

"முன்னப்பின்ன தெரியாத ஆளுங்ககிட்ட நான் வாங்கறதில்ல," என்று அப்பா காபியை ஒரே மூச்சில் குடித்தார். "துப்பாக்கிய வாங்கணும், கூட வர்ற கதைய வாங்கக்கூடாது."

அதற்குள் யாரோ தெரிந்தவர் வந்து, "ஹார்லன், உனக்காகத்தான்யா ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்று அப்பாவைத் தோளோடு அணைத்து இழுத்துக்கொண்டு போனார். அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்து, "வா, வா" என்று கையைக் காட்டினார்.

நான் போகவில்லை. அந்தத் திருகுகள் என்னை விடவில்லை. ஒன்றின் தலையிலும் கீறல் இல்லை. நூற்று நாற்பது வருடமாக யாரும் கழற்றியதே இல்லை. மூலை இடுக்குகளில் பழைய நீலப் பூச்சு அப்படியே இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கெடுக்கவில்லை. அப்பா கற்றுக்கொடுத்த கணக்குப்படி இது நூற்றுக்கு நூறு அசல்.

புரிந்துவிட்டது. விலையை இறக்கத்தான் அப்பா போலி என்கிறார்! நாம் மீதியைப் பார்த்து வைத்தால் சந்தோஷப்படுவார்.

"தொடலாமா?"

"பாரு தாயி. உங்கப்பாவுக்கு இல்லாத கண்ணு உனக்காவது இருக்கட்டும்."

தோளில் அணைத்துப் பிடிக்கும் மர அடிக்கட்டையின் இரும்பு மூடியைத் தள்ளினேன். உள்ளே குழல் துடைக்கும் கம்பிகள். நான்காவது கம்பியை உருவியபோது கூடவே ஏதோ வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பால் பல். அதில் பச்சைத் தூண்டில் நரம்பு இன்னும் முடிச்சாக இருந்தது.

அது என் பல்.

எனக்கு ஏழு வயதில் அண்ணன் ராய்ஸ் ஆடிக்கொண்டிருந்த பல்லில் அந்த நரம்பைக் கட்டி, மறுமுனையைக் கதவுக் குமிழில் மாட்டி, கதவை அறைந்து சாத்தினான். "தலகாணிக்கு அடியில வெச்சா பல் தேவதை ஈஸியா எடுத்துக்கிட்டு காசு வெச்சிட்டுப் போயிரும். இதுக்குள்ள தேடட்டும் பாக்கலாம்" என்று கொள்ளுத்தாத்தாவின் துப்பாக்கிக்குள் அதை ஒளித்து வைத்தான். மறுநாள் தேவதை பெயரில் ஒரு டாலரை வைத்ததும் அவன்தான்.

மூன்று வருடம் கழித்து அலமாரியிலிருந்து அந்தத் துப்பாக்கி காணாமல் போனது. பூட்டு உடைந்திருக்கவில்லை. இன்னொரு சாவி அண்ணனிடம் இருந்தது.

திருட்டுப் போன துப்பாக்கிக்கு அப்பாவுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது. அண்ணன் வீட்டை விட்டுப் போனான். "திருட்டுப்பயலே, இனி என் வாசப்படி மிதிக்காதே!" என்று அப்பா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது அவன் வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். நன்றித் திருநாளுக்கு வான்கோழியை அறுக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். என் பிறந்தநாளுக்கு அவன் போன் செய்வான். நான் எடுப்பதில்லை. திருடன் இல்லையா?

"இத யாருகிட்ட வாங்கினீங்க?" என்றேன்.

"அதெல்லாம் இந்தத் தொழில்ல கேக்கக்கூடாதும்மா."

"இது எங்க வீட்டுது. திருட்டுப் போனது. இதோ என் பல்லு. சொல்லலேன்னா வாசல்ல நிக்கிற ஷெரீஃபைக் கூப்பிடுவேன்."

கிழவரின் முகம் வெளுத்துவிட்டது. "திருட்டா? நாப்பது வருஷமா மேசை போடறேன் பொண்ணே! ஒரு திருட்டுச் சாமானை இந்தக் கை தொட்டதில்ல. ரசீதே வெச்சிருக்கேன்!"

"வித்தது..." அண்ணன் பெயர் மட்டும் வந்துவிடக்கூடாது, கடவுளே. "வித்தது ஒரு பையனா? செம்பட்டை முடி, பத்தொம்பது வயசு?"

"பையனா? எந்தப் பையனும் இல்லியே."

ஐந்து வருடமாக நெஞ்சில் கிடந்த கல் சட்டென்று இறங்கியது. அண்ணன் எடுக்கவில்லை! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"அப்பா! ஓடி வாங்கப்பா! நம்ம துப்பாக்கி கெடச்சிருச்சு! ராய்ஸ் எடுக்கலப்பா!"

அப்பா திரும்பினார். ஆனால் ஓடி வரவில்லை. கொஞ்ச தூரம் வந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

கிழவர் என் கையில் இருந்த பல்லைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். திட்டு வாங்கப்போகிற பிள்ளையைப் போல அவரிடம் சொன்னார்:

"அஞ்சு வருஷம் வெளிய எடுக்காதேன்னுதானே சொன்னீங்க ஹார்லன், போன மாசத்தோட முடிஞ்சிருச்சே!"