அக்கரைக்குக் கேட்க ஒரு ஒலிபெருக்கி

வெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததில் ஒரு சில்வண்டு வாய்க்காலின் இக்கரையில் தனியாக மாட்டிக்கொண்டது. அதன் இனமெல்லாம் அக்கரையில் இருந்தது. எவ்வளவு கத்தியும் அதன் குரல் தண்ணீர் இரைச்சலைத் தாண்டவில்லை.

மரங்கொத்தியும் தையல்சிட்டும் இரக்கப்பட்டன. மூன்றும் சேர்ந்து ஒரு ஒலிபெருக்கி செய்வதென்று முடிவாயிற்று. மரங்கொத்தி பெட்டி குடையும், தையல்சிட்டு இலையைக் கூம்பாகத் தைக்கும்.

“பெட்டி பலா மரத்துலதான் இருக்கணும்,” என்றது மரங்கொத்தி.

“என் கூம்புக்குப் பலா ஒத்துவராது,” என்றது தையல்சிட்டு.

ஈர மண்ணில் படம் போட்டன, அழித்தன. கூம்பின் அகலத்துக்கே பத்து நாள் போயிற்று.

“எனக்கு ஆயுசே இந்த மழைக்காலம்தான். ஒரு கொட்டாங்கச்சிக்குள்ள உக்காந்து கத்தினாலே போதும்,” என்றது சில்வண்டு.

“செய்றதைச் சரியா செய்ய வேண்டாமா?” என்றன இரண்டும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் படம் தயாரானது. குரலை அளந்து பார்க்கச் சில்வண்டைக் கூப்பிட்டன. அது இறக்கைகளை உரசியது. தேய்ந்துபோன இறக்கைகளிலிருந்து சத்தமே வரவில்லை.

“பரவாயில்லை, படத்தைக் கொஞ்சம் மாத்திடலாம்,” என்றது மரங்கொத்தி.

வாய்க்காலில் இரைச்சல் அடங்கியிருந்தது. அக்கரையில் எந்தச் சில்வண்டும் கத்தவில்லை.