மூணு மூடி உரம்

மண்ணே இல்லாத தண்ணீர்த் தொட்டியில் ஒரு கஞ்சாச் செடி வளர்ந்தது. பூக்கத் தொடங்கிய வாரம் பார்த்து அதன் அடி இலைகள் மஞ்சளாயின. இலை போனால் பூவும் போய்விடுமே என்று செடிக்கு வேர் வரைக்கும் கலங்கியது.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த உரப் பாட்டிலிடம் ஏன் இப்படி என்று கேட்டது.

“பசிதான் தாயி, வேறென்ன?” என்று பாட்டில் ஒரு மூடி ஊற்றியது.

மஞ்சள் ஒரு கிளை மேலே ஏறியது.

“பெரும்பசி போல” என்று இன்னும் இரண்டு மூடி ஊற்றியது. இலை நுனிகள் கருகின.

“கருகினா உரம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

செடிக்குப் பொறுமை போய்விட்டது. “யோவ், எந்தச் சீக்குக்கும் உன்னையே ஊத்துறியே, நீ வைத்தியனா வியாபாரியா?” என்று சீறிவிட்டு, சுவரில் தொங்கிய, தண்ணீரின் புளிப்பை அளக்கும் மீட்டரைக் கூப்பிட்டது.

மீட்டர் தண்ணீரில் இறங்கிப் பார்த்தது. “சோறு நிறையக் கிடக்கு. தண்ணி புளிச்சதால வேரால திங்க முடியல. மூடிக்கு மூடி புளிப்பு ஏறுது. தண்ணியை மாத்து.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“யாரும் கேக்கலையே.”

தண்ணீர் மாறியது. மஞ்சள் நின்றது. பூவும் பிழைத்தது.

மறுவாரம் பக்கத்துத் தொட்டிச் செடி மஞ்சளானது. பாட்டில் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

“பசிதான் தாயி. அவளைப் பாரு, என்னோட மூணு மூடியில எப்படிப் பூத்து நிக்கிறா.”

பிழைத்த செடி மீட்டரைத் திரும்பிப் பார்த்தது. யாராவது கேட்கட்டும் என்று மீட்டர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.