பேசாத நோயாளி

அறுவை சிகிச்சை பழகும் டாக்டர்களுக்காக, பயிற்சிக்கூடத்தில் ஒரு ரப்பர் பொம்மை நோயாளியாகப் படுத்திருந்தது. வார்டுக்குப் போய்வந்த கத்தரிக்கோலிடம் அது கேட்டது:

"நம்ம டாக்டர் அங்கே எப்படி? என் கையைப் பிடிச்சு, 'சந்தேகம் இருக்காம்மா?'ன்னு கேட்டு, மூணு எண்ணி, செய்ய வேண்டியதை எழுதின தாள்ல டிக் போடுவார். தையல், பேச்சு ரெண்டுலயும் நூத்துக்கு நூறு!"

"அங்கேயும் அப்படித்தான் கேட்டார். அவர் மூணு எண்ணுறதுக்குள்ள, ஆபரேஷனுக்குப் படுத்திருந்த ஒரு அம்மா, 'தம்பி, எனக்கு வலிக்கிறது இடது கால். நீங்க வலது கால்ல கோடு போட்டிருக்கீங்களே'ன்னுட்டாங்க."

"ஐயையோ! அப்புறம்?"

"டாக்டருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோயாளி பதில் சொன்னா என்ன செய்யணும்னு அதுல இல்லை. நர்ஸ்தான் ஓடிவந்து கோட்டை அழிச்சாங்க."

பொம்மை பெருமூச்சு விட்டது.

"டாக்டர் மேல தப்பே இல்லை. அந்தம்மாவை ஒரு வாரம் என் பக்கத்துல படுக்கச் சொல்லு. நோயாளின்னா எப்படி இருக்கணும்னு நான் சொல்லிக் கொடுக்கிறேன்."